கோரை பாயாகும் வழி

பத்தமடையில் நெய்த நல்ல பாய் ஒன்றைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அது புல் என்பதையே நம்புவதில்லை. புடவையைப் போல மடித்துப் பைக்குள் வைக்கலாம். அந்த மென்மையின் பிறப்பிடம் தாமிரபரணிக் கரையின் சேறு.

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய பேரூராட்சி பத்தமடை. ஊரை வளர்த்தது ஆற்றிலிருந்து பிரிந்து வரும் கன்னடியன் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஓர் அந்தணர், தனக்குக் கிடைத்த தானப் பொருளைச் செலவழித்து, பசு நடந்துபோன தடத்தில் அதை வெட்டினார் என்று இந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். வாங்கிய தானம் அத்தனையையும் ஒருவர் தண்ணீருக்கே கொடுத்துவிட்டார் என்று நம்புகிற மக்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆனாலும் வெளியூர்களில் ஊரின் பேரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது பாய்தான்.

ஆற்றோரத்திலும் ஈரம் காயாத பள்ளங்களிலும் வளரும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். முற்றிப் பழுத்தால் ஒடியும். அறுத்த தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்து, உள்ளே இருக்கும் சோற்றை வழித்தெடுத்து, மேல்தோலை வெயிலில் காயவைக்கிறார்கள். அடுத்த கட்டம்தான் பத்தமடைப் பாயின் உயிர்: காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது. சில நாள் முதல் ஒரு வாரம் வரை கிடந்து, நன்றாக உப்பிப் பருத்த பிறகு எடுத்து மறுபடி காயவைத்து, மறுபடி கிழிக்கிறார்கள். தண்ணீர் இளக்கிய கோரைதான் நூலளவு மெல்லிய இழையாகப் பிரியும். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு பாடு வேண்டாம். பட்டுப் போல மென்மையான பட்டுப் பாய்க்கு இதில் எதையும் குறைக்க முடியாது.

பிரித்த இழைக்குச் சிவப்பேற்ற முன்பெல்லாம் சப்பங்கிக் கட்டையை வேகவைத்துச் சாயம் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்.

நெசவு வீட்டுக்குள் நடக்கிறது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். தரையோடு தரையாக நூல் பாவு நீண்டு கிடக்க, அதைத் தாங்க மூன்று மூங்கில் கழிகளைக் கூட்டி நிறுத்தியிருப்பார்கள். நீளமான குச்சியின் முனையில் ஒற்றைக் கோரை இழையைச் செருகி, பாவுக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளி, அச்சால் இழுத்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு இழைக்கும் இதே வேலை. பாய் வளர வளர, நெய்த பகுதியின் மேலேயே நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மிக மெல்லிய பாய் ஒன்று முடிய ஒரு மாதம்கூட ஆகும். கடைசியில் ஓரத்துக்குப் பட்டுத் துணி வைத்துத் தைப்பார்கள்.

இப்படி நெய்த பாய், மாப்பிள்ளை பெண் பெயர்களையும் கல்யாணத் தேதியையும் தாங்கிக்கொண்டு சீர்வரிசையில் ஏறுகிறது. இந்து வீட்டுக் கல்யாணத்துக்கும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே தறியிலிருந்துதான் போகிறது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகப் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2012–13இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெயருக்குக் காவல் கிடைத்தது நல்லதுதான். ஆனால் கைக்குக் கூலி கட்டுபடியாக வேண்டுமே! மிஷின் தறியில் ஓடுகிற முரட்டுக் கோரைப் பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிவாகக் குவிகிற சந்தையில், ஒரு மாத உழைப்புக்கு நியாயமான விலை சொன்னாலே வாங்க வந்தவர் முகம் மாறுகிறது. அம்மா நெய்வதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போவதில் எந்தத் தவறும் இல்லை. தவறு, மிஷின் பாய்க்குக் கொடுக்கிற விலையிலேயே கைப்பாயையும் கேட்கிற நம்மிடம் இருக்கிறது.

பெயர் போட்ட பாய் வேண்டுமென்றால் கல்யாணத் தேதி குறித்த கையோடு நெய்கிறவர்களிடம் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு போய்க் கேட்டால், கைநெசவில் கிடைக்காது.