1987 அமெரிக்கக் கால்பந்துப் பருவமும் மாற்று வீரர்களும்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் உயரிய போட்டித் தொடரை நடத்தும் அமைப்பு தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) ஆகும். பிற விளையாட்டுகளை நோக்க இதில் ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் மிகக் குறைவு. 1987இல் 28 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 16 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. எனவே தொடக்கத்தில் நான்கைந்து ஆட்டங்களைத் தோற்ற அணி மீண்டு வருவது அரிது. அந்த ஆண்டில் பல அணிகளின் நிலையைத் தீர்மானித்த ஆட்டங்களை அவ்வணிகளின் வழக்கமான வீரர்கள் ஆடவில்லை என்பதே அப்பருவத்தின் தனித்தன்மை.

வேலைநிறுத்தத்தின் காரணம்

அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒருவர் வேறு அணிக்குச் சென்றால், அவரைச் சேர்த்துக்கொள்ளும் அணி பழைய அணிக்கு ஈடு தர வேண்டும் என்ற விதி இருந்தது. இதனால் எந்த அணியும் பிற அணி வீரரை அழைக்கத் தயங்கியது. விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை வேண்டும் என்பதே வீரர்கள் சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்த ஜீன் அப்ஷா, தாமே முன்னாள் வீரர்.

1982இல் நடந்த வேலைநிறுத்தம் 57 நாட்கள் நீடித்து, அந்தப் பருவத்தை 9 ஆட்டங்களாகக் குறைத்திருந்தது. அந்த அனுபவத்திலிருந்து உரிமையாளர்கள் பாடம் கற்றிருந்தனர். 1987 செப்டம்பர் 22 அன்று, இரண்டு வார ஆட்டங்கள் முடிந்த நிலையில், வீரர்கள் வெளியேறினர். மூன்றாம் வார ஆட்டங்கள் மட்டும் கைவிடப்பட்டன. நான்காம் வாரம் முதல், பயிற்சி முகாம்களில் கழித்துவிடப்பட்டவர்களையும் சிறிய லீக்குகளில் ஆடியவர்களையும் கொண்டு அணிகள் களமிறங்கின. அந்த ஆட்டங்களின் முடிவுகளும் தரவரிசைப் பட்டியலில் சேரும் என லீக் அறிவித்தது.

மூன்று வாரங்கள்

மாற்று வீரர்களைத் திரட்டுவதில் அணிகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணியின் பொது மேலாளர் பாபி பெத்தார்டும் பயிற்சியாளர் ஜோ கிப்ஸும் இதில் முழுக் கவனம் செலுத்தினர். பிலடெல்பியா ஈகிள்ஸ் பயிற்சியாளர் பட்டி ரையனோ, வேலைநிறுத்தம் செய்த தம் வீரர்கள் பக்கமே மனத்தை வைத்திருந்தார். தொழிற்சங்கப் பற்று மிகுந்த அந்நகரில், மைதானத்தின் வாயிலில் பிற தொழிலாளர்களும் மறியலில் நின்றனர். சிகாகோ அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண வந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் மட்டுமே.

நாட்கள் செல்லச் செல்ல வீரர்களின் ஒற்றுமை குலைந்தது. ஜோ மொன்டானா, டோனி டார்செட், லாரன்ஸ் டெய்லர் போன்ற புகழ்பெற்றவர்களே மறியல் வரிசையைக் கடந்து களத்துக்குத் திரும்பினர். வாஷிங்டன் அணியிலிருந்து மட்டும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்த அணியின் மாற்று வீரர்கள் செயின்ட் லூயிஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிகளை வென்றனர். அக்டோபர் 19 அன்று, டார்செட் உள்ளிட்ட நட்சத்திரங்கள் திரும்பியிருந்த டல்லஸ் அணியையும் 13–7 என வீழ்த்தினர்.

அக்டோபர் 15 அன்றே சங்கம் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை. அந்த வாரத்துக்கான கெடு கடந்துவிட்டதாகக் கூறி, திரும்பி வந்தவர்களை அவ்வார ஆட்டத்தில் சேர்க்க உரிமையாளர்கள் மறுத்தனர். ஆகவே மூன்றாவது முறையாகவும் மாற்று வீரர்களே ஆடினர்.

தரவரிசை காட்டியதும் மறைத்ததும்

வழக்கமான வீரர்கள் திரும்பியபோது, தேசிய கான்பரன்ஸின் கிழக்குப் பிரிவு இவ்வாறு இருந்தது: வாஷிங்டன் 4 வெற்றி, 1 தோல்வி, டல்லஸ் 3–2, செயின்ட் லூயிஸ் 2–3, பிலடெல்பியா 1–4, நியூயார்க் ஜயன்ட்ஸ் 0–5. ஜயன்ட்ஸ் அதே ஆண்டு ஜனவரியில் சூப்பர் போல் வென்ற நடப்புச் சாம்பியன் ஆகும். வழக்கமான வீரர்கள் தோற்றவை முதல் இரண்டு ஆட்டங்கள் மட்டுமே. மற்ற மூன்றையும் மாற்று வீரர்கள் தோற்றனர். எஞ்சிய 10 ஆட்டங்களில் 6இல் வென்றும் அந்த அணி 6–9 எனப் பிரிவின் கடைசி இடத்திலேயே பருவத்தை முடித்தது.

பிலடெல்பியாவின் கதை இன்னும் கசப்பானது. அதன் வழக்கமான வீரர்கள் ஆடிய 12 ஆட்டங்களில் 7 வெற்றி, 5 தோல்வி. மாற்று வீரர்களின் மூன்று தோல்விகளும் சேர்ந்ததால் கணக்கு 7–8 ஆனது. அடுத்த சுற்றுக்குச் சென்ற கடைசி அணியான மினசோட்டா வைக்கிங்ஸ் பெற்றது 8–7. பிலடெல்பியாவின் மாற்று வீரர்கள் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் இரு அணிகளும் சமமாகியிருக்கும்.

அந்த மினசோட்டாவும் மூன்று மாற்று ஆட்டங்களையும் தோற்ற அணியே. அதன் வழக்கமான வீரர்களின் கணக்கு 8–4. வாஷிங்டனின் வழக்கமான வீரர்களுடையதும் 8–4. ஆனால் பட்டியலில் வாஷிங்டன் 11–4 எனப் பிரிவின் முதலிடத்திலும், மினசோட்டா கடைசி வாய்ப்பிலும் இருந்தன. மினசோட்டா அடுத்த சுற்றுகளில் நியூ ஓர்லியன்ஸையும், 13–2 என லீக்கிலேயே சிறந்து விளங்கிய சான் பிரான்சிஸ்கோவையும் வீழ்த்தியது. கான்பரன்ஸ் இறுதியாட்டம் வாஷிங்டன் நகரில் நடந்தது. அதில் 17–10 என வாஷிங்டன் வென்றது.

1988 ஜனவரி 31 அன்று நடந்த சூப்பர் போலில் வாஷிங்டன் டென்வரை 42–10 எனத் தோற்கடித்தது. சூப்பர் போலில் தொடக்கம் முதல் ஆடிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான டக் வில்லியம்ஸ், ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

பின்விளைவுகள்

களத்தில் தோற்ற கோரிக்கை நீதிமன்றத்தில் வென்றது. வேலைநிறுத்தம் முடிந்த கையோடு சங்கம் வர்த்தக ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 1992இல், ஃப்ரீமன் மெக்நீல் உள்ளிட்ட வீரர்கள் தொடுத்த மற்றொரு வழக்கில் நடுவர் குழு வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 ஒப்பந்தத்தின்படி, குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய வீரர்கள் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாக, 1994 முதல் அணிகளின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தது.

மாற்று வீரர்கள் தம் ஊரிலேயே கருங்காலிகள் என்று ஏசப்பட்டவர்கள். வாஷிங்டனின் மூன்று வெற்றிகளை ஈட்டியவர்களுக்கு அன்று சாம்பியன் மோதிரம் வழங்கப்படவில்லை. 2018இல்தான், முப்பது ஆண்டுகள் கழித்து, அது அவர்கள் கைக்கு வந்தது. பருவத்தின் நடுவில் வெளியாகும் பட்டியலில் வெற்றி, தோல்வி எண்ணிக்கை மட்டுமே இருக்கும். அவற்றை ஈட்டியவர் யார், எந்தச் சூழலில் ஈட்டினார் என்பதை அறிய அதற்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது.