சைக்கிள் சீற்றும் சோனகத் தெருவும்

நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்றும் ஒரு பெயர் உண்டு. போர்த்துக்கேயரும் அதனைத் தம் மொழியில் பசுக்களின் தீவு என்றே அழைத்தனர். பின்னால் வந்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரை இதற்கு வைத்தனர். மாட்டைப் போலவே குதிரையும் இத்தீவின் வரலாற்றில் இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சியின் சார்பில் இங்கிருந்த நோலன் என்ற அதிகாரியின் பெயர் குதிரை வளர்ப்போடு சேர்த்தே பேசப்படுகிறது. லாயத்தின் இடிபாடுகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் இன்றும் உள்ளன. அவற்றைப் பார்க்கவே உல்லாசப் பயணிகள் குறிகாட்டுவானில் படகேறி வருகிறார்கள்.

நான் இங்கு ஆசிரியராக வந்த பின்னர் என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிவரும் முதியவர் ஒருவரின் பழைய றலி சைக்கிள். அதன் சீற் தோலால் ஆனது. குனிந்து அடியில் பார்த்தேன். இரு பக்கத் தோலும் வாரினால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன மாஸ்டர், சீற்றுக்குக் கீழ தேடுறியள்?" என்றார்.

"இதை ஆர் கட்டினது ஐயா?"

"உங்கட ஆக்கள்தான். யாழ்ப்பாணத்தில, சோனகத் தெருவில. எழுபத்தைஞ்சு, எழுபத்தாறு இருக்கும்."

இந்தச் சீற்றின் பூர்வீகமும் குதிரையிலிருந்துதான் தொடங்குகிறது. ஜோன் போல்ற்பீ புறூக்ஸ் என்பவர் 1866இல் பேர்மிங்ஹாமில் குதிரைச் சேணத்துக்கான தோற்பொருட்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1878இல் அவருடைய குதிரை செத்துப்போனதாகவும், இன்னொன்று வாங்கப் பணமின்றி இரவல் சைக்கிளில் போய்வந்ததாகவும், அதன் இருக்கையில் உடம்பு நொந்ததாலேயே நல்ல சீற் செய்யப் புறப்பட்டதாகவும் அந்நிறுவனத்தார் சொல்லிவருகிறார்கள். வியாபாரிகள் சொல்லும் கதைகளில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கேட்கவேண்டும். ஆனால் 1882இல் அவர் சீற்றுக்கான காப்புரிமை பெற்றது உண்மை.

அந்தச் சீற்றின் சூட்சுமம் எளியது. தோலின் கீழே பலகையோ பஞ்சோ இல்லை. முன்மூக்குக்கும் பின்தகட்டுக்கும் இடையே தடித்த மாட்டுத்தோல் ஏணை போலத் தொங்குகிறது. இரு முனையிலும் றிவெற் அடித்திருப்பார்கள். ஓட்டுபவரின் பாரத்தாலேயே தோல் பள்ளம் விழுந்து அவருக்கென்று ஒரு வடிவம் கொள்ளும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தோல் நீளும். அப்போது மூக்கின் அடியிலுள்ள திருகாணியைச் சற்று முறுக்கினால் மறுபடி விறைக்கும். ஆசைப்பட்டு அதிகம் முறுக்கினால் றிவெற் இருக்கும் இடத்தில் தோல் கிழியும். திருகாணியால் இனிப் பயனில்லை, பக்கத் தோல் இரண்டும் சிறகுபோல விரிந்து தொடையில் உரசுகிறது என்ற நிலை வரும்போதுதான் வார் கட்டும் வேலை தொடங்குகிறது.

என் வாப்பா யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்கு அருகில் சைக்கிள் திருத்தும் சிறு கடை வைத்திருந்தார். வெடித்துக் காய்ந்த சீற் வந்தால், முதலில் ஈரத்துணியில் சுற்றி வைப்பார். தோல் இளகியதும் கையால் அழுத்தி உருவத்துக்குக் கொண்டுவந்து, சீலைத்துண்டால் இறுகச் சுற்றி நிழலில் காயவிடுவார். வெயிலில் வைத்தால் தோல் பலகையாகிவிடும். காய்ந்த பிறகு விளிம்பிலிருந்து ஒரு சுண்டுவிரல் அகலம் உள்ளே தள்ளிப் பக்கத்துக்கு ஆறு ஏழு துளை. கத்தியால் கீறமாட்டார், கீறலின் நுனி இழுக்க இழுக்கப் பிளந்துகொண்டே போகும், வட்டத் துளை தாங்கும். பழைய குடைக்கம்பிக் குழாயின் வாயைக் கூராக்கித் துளைக்கும் உளி செய்திருந்தார். வாருக்கு நீளத் தோல் தேவையில்லை. உள்ளங்கை அகல வட்டத் துண்டொன்றை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு போனால் முழக்கணக்கில் வார் வரும். எனக்கு அது அப்போது கண்கட்டு வித்தையாக இருந்தது. வாரை நனைத்துக் கட்டுவார். காயும்போது தானே இறுகும். கடைசியில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் உருக்கிச் சிறிதளவு பூசுவார். தேங்காயெண்ணெயை அள்ளிப் பூசிக்கொண்டு வருபவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். எண்ணெய் குடித்த தோல் தளர்ந்து தொங்கும், பிறகு எந்த வாராலும் அதை நிமிர்த்த முடியாது.

முதியவர் சொன்ன காலம் இத்தொழிலுக்கு நல்ல காலம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதுச் சீற் கிடைப்பது அரிதாக, பழையதைக் கட்டுவிப்பது பெருகியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் மலிவான றெக்சின் சீற்றுகள் வந்தன. வார் கட்டும் வேலை ஒடுங்கியது. ஆனாலும் தோல் சீற்றில் பழகியவர்கள் அதை விடவில்லை என்பதால் வாப்பாவுக்கு மாதத்தில் நாலைந்தாவது வரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில் ஏறியது. அரிசி மூட்டை, விறகு, நோயாளி, ஏன், பிரேதங்கூட சைக்கிளில் போன காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுழற்றி டைனமோவில் வானொலி கேட்டதை அங்கிருந்தவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் கொட்டிலை விட்டு வெளியே வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. வாப்பாவின் கடை வாசலில் சீற்றுகள் வரிசையாகத் தொங்கியது நினைவிருக்கிறது.

அந்த வேலை நாலு மாதந்தான் நடந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதி முற்பகல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி இரண்டே மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஜின்னா மைதானத்தில் கூடி, உடுத்த உடையோடு வெளியேறவேண்டியிருந்தது. அந்த ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எவ்வளவு நகை, எத்தனை வீடு, எத்தனை கடை என்று பிற்காலத்தில் பலர் கணக்கெடுத்தார்கள். கைத்தொழிலை எவரும் கணக்கெடுத்ததாக நான் அறியேன். சைக்கிளை அதிகம் நம்பியிருந்த ஆண்டுகளில், சீற் கட்டத் தெரிந்த கைகளில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்தில் இல்லாமற் போயிற்று. அந்த ஆண்டுகளில் தன் தகப்பனார் கிழிந்த சீற்றின்மேல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டி ஓடியதாக என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

வாப்பா புத்தளத்தில் உப்பளத்துக் கூலியானார். உளியும் குத்தூசியும் ஐந்து சந்தியில் கிடந்தன. வாடிக்கையாளர்களின் ஒன்பது சீற்றுகளும் அங்கேயே கிடந்தன. அந்த ஒன்பதும்தான் அவரை வருத்தின. "கடை போனது சரி, ஆக்கள்ர சாமானல்லோ" என்பார். கிடுகுக் கொட்டிலில் இரவில் வெறுங்கையை நீட்டி, துளை எங்கே, வார் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்குக் காட்டுவார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் உள்ளூர்க் கைத்தொழில் பற்றி ஒப்படை கேட்டபோது நான் பாய் பின்னுதலை எழுதினேன். தகவல் எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். வாப்பா அப்போது உயிரோடு இருந்தார்.

முதியவரின் சீற் வாப்பா கட்டியதாக இருக்குமோ என்று முடிச்சைத் தேடினேன். வாப்பாவின் முடிச்சு பின்தகட்டின் உட்புறத்தில் மறைந்திருக்கும். இது மூக்குப் பக்கத்தில் கிடந்தது. சோனகத் தெருவில் வேறு யாரோ கட்டியது. யாரென்று முதியவருக்கும் நினைவில்லை. "வெத்திலை போடுற மனுசன். காசு பிறகு தாங்கோ எண்டவர்" என்றார்.

வார் உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. நான் கட்டித் தருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நைலோன் வலைநூல் போதும் என்றார். நைலோன் துளையை அறுக்கும் என்று நான் சொல்ல, தோல் வார் தீவுக் காற்றுக்கு நிற்காது என்று அவர் சொல்ல, இரண்டு நாள் வாதம் நடந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடைசியில் தோல் வார்தான். ஆண்டுக்கு இருமுறை மெழுகு பூசுவதாக வாக்களித்தேன்.

பழைய துளைகளிலேயே கோத்தேன். இடப்பக்கம் ஒன்று கிழிந்திருந்ததால் அதைத் தாண்டிவிட்டு அடுத்ததில் இழுத்தேன். முடிச்சை எங்கே போடுவது என்று சற்று யோசித்தேன். அந்த மனிதர் போட்ட இடத்திலேயே, மூக்குப் பக்கம் போட்டேன்.