கியர் விளக்கு எரிந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை

சென்ற ஆண்டு ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு மலையிறங்கி வந்த அப்பாவின் காரில் 'டி' எழுத்து திடீரென மறைந்தது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் கார் செம்பனை ஏற்றிய லாரி மாதிரி முனகியது.

முதலில் பார்த்த பட்டறையில் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த இளைஞர், "அங்கிள், கியர்பாக்ஸ் முடிஞ்சிருச்சு. ஹாஃப் கட் போட்டுக்கலாம், 3,500 வெள்ளி" என்றார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அது சேமநிதியில் கைவைக்க வேண்டிய தொகை. ஆனாலும் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். மறுநாள் இன்னொரு பட்டறையில் ஸ்கேனர் பொருத்திப் பார்த்தார்கள். கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அதை மாற்ற 280 வெள்ளிதான் ஆனது.

நான் படித்தது தமிழ் இலக்கியம், கார் அல்ல. அந்த 280 வெள்ளிக்குப் பிறகுதான் இதைத் தேடிப் படிக்கவும் மெக்கானிக்குகளிடம் கேட்கவும் தொடங்கினேன்.

ஆட்டோ கியரை இயக்குவது ஒரு சிறிய கணினி. சென்சார் ஒன்று தவறான தகவல் தந்தாலோ, எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ அது விளக்கை எரியவிட்டு, கியரைத் தற்காப்பு நிலையில் பூட்டிவிடும். பழைய நான்கு கியர் வண்டிகளில் இது பெரும்பாலும் மூன்றாவது கியர். அப்பாவின் கார் முனகியது மூன்றாவது கியரில் கிளம்பியதால்தான். கியர்பாக்ஸ் மேலும் கெடாமல் இருக்கவும், நீங்கள் மெதுவாகப் பட்டறைக்குப் போய்ச் சேரவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

விளக்கு வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் பல்சக்கரப் படம், சிலவற்றில் மினுக்கும் 'டி' எழுத்து, பழைய ஜப்பானிய வண்டிகளில் மினுக்கும் 'ஓ/டி ஆஃப்'. பலவற்றில் எஞ்சின் விளக்கு மட்டுமே எரியும். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்து அருகிலுள்ள பட்டறைக்குப் போகலாம். சிவப்பு எரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டாலோ ஓரங்கட்டி நிறுத்துங்கள். நெடுஞ்சாலை என்றால் அவசரத் தடத்தில் நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 எண்ணுக்கு அழைக்கலாம்.

கெந்திங், கேமரன் மலை ஏறும்போது கியர் எண்ணெய் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், நிறுத்தி 'பி'க்கு மாற்றி எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள் என்றே பல கார்களின் கையேடுகள் சொல்கின்றன. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் குளிரூட்டி வழியாகச் சுற்றும். எஞ்சினே கொதித்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ உடனே அணைக்க வேண்டும். இரட்டை கிளட்ச் கியர் உள்ள புதிய வண்டிகளில், மேட்டில் எண்ணெய் மிதியை லேசாக மிதித்தபடியே வண்டியைப் பிடித்து நிறுத்துவது கிளட்சைச் சூடாக்கும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

காரை இழுக்க நேர்ந்தால், முன்சக்கர ஓட்டமுள்ள ஆட்டோ காரின் முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் பாயாது. சுவிட்சு மாற்றினால் போதும் என்றிருந்த கியர்பாக்ஸ் இழுத்த இழுப்பிலேயே தேய்ந்துவிடலாம். காரை முழுதாக ஏற்றிச் செல்லும் லாரியைக் கேளுங்கள். பல காப்புறுதித் திட்டங்களில் இந்தச் சேவை உண்டு. தானாக வந்து நிற்கும் இழுவை லாரிக்குத் தலையாட்டும் முன் காப்புறுதி நிறுவனத்தை அழையுங்கள்.

பட்டறையில் முதல் வேலை ஸ்கேனரில் கோடு படிப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பி0700 காட்டுது, கியர்பாக்ஸ் போச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். கியர் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்லாது. கியர் கணினிக்குள்ளேயே போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0705 கியர் நிலைச் சுவிட்சைக் குறிக்கும், பி0715, பி0720 வேக சென்சார்களைக் குறிக்கும். இவற்றில் வயரும் இணைப்பும் கெட்டிருந்தாலும் இதே கோடுதான் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பி0730 வந்தால் கியர் வழுக்குகிறது என்று அர்த்தமாகலாம். அது கவலைப்பட வேண்டியது, அப்போதும் முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் பேட்டரியைச் சோதியுங்கள். மின்னழுத்தம் குறைந்தாலே கணினிகள் குழம்பிப்போகும்.

எண்ணெய்தான் கியர்பாக்ஸின் உண்மையான மருத்துவ அறிக்கை. வழக்கமான ஆட்டோ கியர் எண்ணெய் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே தேய்மானம். பால் கலந்த ரோஸ் சிரப் போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் மூழ்கியதைப் போன்ற கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிரூட்டி ஓட்டையானாலும் இப்படி ஆகும். அந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது. எண்ணெய் குறைந்திருந்தால் 'டி' போட்டு ஒரு நொடி கழித்தே வண்டி நகரும், வளைவிலும் மேட்டிலும் இழுவை விட்டுவிட்டு வரும். இரவில் காருக்கடியில் அட்டை விரித்துப் பாருங்கள். தெளிந்த நீர் ஏர்கோன் தண்ணீர், சிவப்புச் சொட்டு கியர் எண்ணெய்.

சிவிடி வண்டிக்குச் சாதாரண ஆட்டோ எண்ணெய் ஆகாது. மைவி என்று மட்டும் சொல்லி எண்ணெய் வாங்காதீர்கள். 2021 நவம்பரில் வந்த மாதிரியிலிருந்துதான் மைவிக்கு சிவிடி, அதற்கு முந்தைய ஆட்டோ மைவிகள் நான்கு கியர். சாகா இதற்கு நேர் எதிர்: 2019இல் சிவிடியை விட்டு நான்கு கியருக்கு மாறியது. தோட்டத்துச் செம்மண் பாதையிலும் மலையிலும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்ற தனி அட்டவணை இருக்கும். எண்ணெய் மாற்றும் கெடு அதில் குறைவு.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம், பழுது போகாது, கோடுதான் அழியும். பழைய கார் விற்கும் சிலர் செய்வதும் இதையே. வாங்கும் முன் சாவியைத் திருப்பி, எஞ்சினை முடுக்காமல் டாஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு அந்த நேரத்தில் எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ கைவைத்திருக்கலாம்.

கியர்பாக்ஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கோடு எண், எண்ணெயின் நிலை, விலை, எத்தனை மாத உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் விலைத்தாளும் இல்லாமல் போனால் வாதாடுவது கடினம், எனவே அப்பா இப்போது எல்லாவற்றையும் காரின் முன்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.