சீமைப் புளியாரை வந்த வழி

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரங்க வந்தா ஏரியைப் பாப்பாங்க, பூநாரை வந்திருக்கான்னு கேப்பாங்க, டச்சுக் கல்லறையில எலும்புக்கூடு செதுக்கின தூணு பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க, போகும்போது இறாலும் நண்டும் வாங்கிட்டுப் போவாங்க. செடிகொடி பத்தி யாரும் கேக்கறதில்ல. நமக்கு மண்ணோட பொழப்பு, அதனால வரலாறு படிச்சாலும் கண்ணு செடி மேலதான் போகுது. இன்னைக்கு எழுதப்போறது புளியாரையைப் பத்தி. வரப்புல முளைக்கிற நம்ம புளியாரை இல்ல, தொட்டியில வெச்சு அழகு பாக்கற சீமைப் புளியாரை.

நம்ம புளியாரையை எல்லாருக்கும் தெரியும். மூணு மூணா இதய வடிவ இலை, சின்ன மஞ்சப் பூ, வெண்டைக்காயைச் சின்னதாக்கி நிக்க வெச்ச மாதிரி காய். பழுத்த காயைத் தொட்டா 'பட்'டுனு வெடிச்சு விதை தெறிக்கும். சின்ன வயசுல இலையைப் பறிச்சு மென்னுக்கிட்டே பள்ளிக்கூடம் போயிருக்கோம். துவையல் அரைப்பாங்க. பித்தளைச் சொம்பை இந்த இலை போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும். அதுக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். அந்த அமிலத்துக்குப் பேரே இந்தச் செடியோட தாவரவியல் பேரான ஆக்சாலிஸ்லேர்ந்துதான் வந்தது.

பேர்ல இருக்கிற 'ஆரை' வேற செடி. தண்ணி நிக்கிற நெல் வயல்ல நாலு இலையோட மிதக்குமே ஆரைக்கீரை, அதுதான் ஆரை. இலை அது மாதிரியே இருந்து புளிச்சதால இது புளியாரை. ஆனா நாலு இலைக்கும் மூணு இலைக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆரைக்கீரை பூக்கவே பூக்காத பெரணி சாதி.

எங்க வீட்டுக்கு ஊதாப் புளியாரை வந்தது பொண்ணு மூலமா. சென்னையில ஒரு நர்சரியில வாங்கி, பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டாந்தா. பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி மூணு முக்கோண இலை, கருஊதா நிறம், வெளிர் ரோஸ் நிறத்துல பூ. சாயந்தரம் ஆனா இலையெல்லாம் குடை மடக்கின மாதிரி தொங்கிடும், காலையில விரியும். மீன் கொண்டு வர்ற குப்பத்து அம்மா பாத்துட்டு, "இன்னாண்ணா, புளியாரைய போயி தொட்டியில வெச்சிருக்க? ஊர்ல இல்லாததா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி நியாயமாத்தான் பட்டுது. இது எங்கேர்ந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

ஒல்லாந்தர்னு பழைய ஆளுங்க சொல்ற டச்சுக்காரங்க 1613ல இங்க கோட்டை கட்டினாங்க. கெல்ட்ரியான்னு பேரு. துணி வாங்கி இந்தோனேசியத் தீவுகள்ல வித்தாங்க, அங்கேர்ந்து மசாலா ஏத்தினாங்க. இந்தக் கரையிலேர்ந்து ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமையாவும் ஏத்திட்டுப் போனாங்க. பெருமையா பேசற எல்லாக் கப்பல் கதைக்கும் அடியில அது கிடக்கு, சொல்லாம விடக்கூடாது. அதே கம்பெனி 1652ல ஆப்பிரிக்காவோட தென்கோடியில, நன்னம்பிக்கை முனையில ஒரு தோட்டம் போட்டது. ஆலந்துலேர்ந்து கிளம்பற கப்பல் அங்க வந்து சேர்றதுக்குள்ள மாசக்கணக்குல பச்சைக் காய்கறி இல்லாம மாலுமிங்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும். கரையில இறங்கினதும் கீரையும் காயும் கொடுக்கத்தான் அந்தத் தோட்டம்.

அந்த முனையைச் சுத்தித்தான் புளியாரை சாதி கொட்டிக் கிடக்கு. தென்னாப்பிரிக்காவுல மட்டும் 200க்கு மேல வகை இருக்கு. மஞ்சள், வெள்ளை, ரோஸ், ஓரத்துல சிவப்புக் கோடு போட்டதுன்னு பல நிறம். அங்க இருக்கிறவங்க இதை 'சூரிங்'னு சொல்லி இறைச்சிக் குழம்புல புளிப்புக்குப் போடறாங்க. நாம புளியங்காய் போடற மாதிரிதான்.

இந்தச் செடிங்களுக்கு ஒரு குணம் உண்டு. நம்ம புளியாரைக்கு அது கிடையாது. அடியில சின்னச் சின்னக் கிழங்கு. மழைக்காலத்துல இலை விட்டுப் பூத்துட்டு, வெயில் வந்ததும் மேல எல்லாம் காஞ்சு போயி கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். அந்தக் காலத்துல உயிர்ச் செடியைக் கப்பல்ல கொண்டு போறது பெரும்பாடு. உப்புக் காத்து அடிக்கும், குடிக்கிற தண்ணியில செடிக்குப் பங்கு கிடைக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள செடியை மூடி அனுப்பற வழி 1830கள்லதான் வந்தது. ஆனா தூங்கற கிழங்குக்கு இதெல்லாம் தேவையே இல்ல. காகிதத்துல மடிச்சுப் பெட்டியில போட்டா, மாசக்கணக்கா கடல்ல கிடந்துட்டு, மண்ணு பட்டதும் முளைக்கும்.

அதனால முனையோட புளியாரைங்க ஐரோப்பாவுக்குச் சுலபமா போச்சு. லின்னேயஸோட மாணவர் துன்பெர்க், டச்சுக் கம்பெனி வைத்தியரா 1772லேர்ந்து மூணு வருஷம் அங்க சுத்தினவர், 1781ல புளியாரைகளைப் பத்தித் தனியா எழுதினார். ஆஸ்திரிய ராஜா தோட்டத்துலேர்ந்து போஸ், ஷோல்னு ரெண்டு தோட்டக்காரங்களை அனுப்பினாங்க. ஷோல் 1799 வரைக்கும் அங்கேயே இருந்து கிழங்கும் விதையும் அனுப்பிக்கிட்டே இருந்தார். ஜாக்வின் என்கிற தாவர அறிஞர் 1794ல வியன்னாவுல புளியாரைக்குன்னே வண்ணப் படத்தோட ஒரு புத்தகம் போட்டார். வரப்புல மிதிச்சுட்டுப் போற சாதிக்கு ராஜா வீட்டுல அவ்வளவு மரியாதை!

எங்க வீட்டு ஊதா இந்த வழியில வரலை. அது பிரேசில்காரி. 1816லேர்ந்து 1822 வரைக்கும் பிரேசில்ல சுத்தின செயிண்ட் இலேர் என்கிற பிரெஞ்சுக்காரர்தான் அதுக்குப் பேர் வெச்சவர். மெக்சிகோவுலேர்ந்து போன நாலு இலைப் புளியாரை ஒண்ணு இருக்கு. ஜெர்மனியில அதைத்தான் சின்னத் தொட்டியில வெச்சுப் புது வருஷத்துக்கு அதிர்ஷ்டம்னு பரிசு கொடுக்கறாங்க. பெரு, பொலிவியா மலையில 'ஓகா'ன்னு ஒரு புளியாரை, அதோட கிழங்கை உருளைக்கிழங்கு மாதிரி பயிர் பண்ணி வேக வெச்சுத் தின்னறாங்க.

தூங்கிக்கிட்டே ஊர் விட்டு ஊர் போன அதே கிழங்குதான் வில்லங்கமும் பண்ணுச்சு. முனையோட மஞ்சப் பூப் புளியாரையை 1806 வாக்கில மால்டாத் தீவுல ஒரு தாவரத் தோட்டத்துல வெச்சாங்க. இன்னைக்கு மத்தியதரைக் கடலைச் சுத்தி ஆலிவ் தோப்பு, திராட்சைத் தோட்டம், கோதுமை வயல்னு எல்லா இடத்துலயும் அதுதான் மஞ்சளா விரிஞ்சு கிடக்கு. அங்க அது பெரும்பாலும் விதையே கட்டறதில்ல, கிழங்கு வழியாவே அவ்வளவு தூரம் போயிருக்கு. ஆஸ்திரேலியாவுல அதை அளவுக்கு மீறித் தின்னு ஆடுங்க செத்திருக்கு, ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைப் பிடிச்சுடும். நம்ம நீலகிரியிலயே மெக்சிகோ புளியாரை தேயிலைத் தோட்டத்துலயும் கேரட், உருளைக்கிழங்கு நிலத்துலயும் தீராத களை. கொத்திப் புடுங்கினா தாய்க் கிழங்கைச் சுத்தியிருக்கிற குட்டியெல்லாம் சிதறி இன்னும் பரவும். மாடு கட்டி உழுதாலும் டிராக்டர் விட்டாலும் அதுக்கு நாம நாத்து நட்டுக் கொடுக்கற மாதிரிதான்.

நமக்கு இதெல்லாம் புதுசில்ல. பூ அழகா இருக்குன்னு 1809ல கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி இப்ப காட்டையே மூடிடுச்சு. ஆகாயத்தாமரையும் பூவுக்காகக் கொண்டாந்ததுதான், எந்த ஏரியைப் பாருங்க. விறகுக்குன்னு 1870கள்ல இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம் எங்க ஏரிக்கரை முழுக்க நிக்குது, வெட்ட வெட்டத் துளிர்க்குது. ஆகவே தொட்டிச் செடிதானே, என்ன பண்ணப் போகுதுன்னு ஒரு விவசாயி பேசக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

அதுக்காகச் செடியே வேணாம்னும் சொல்ல மாட்டேன். எங்க ஊர் நிலைமைக்கு அதை வளர்க்கிற விதத்தைச் சொல்றேன்.

முதல் விஷயம் தண்ணி. ஏரியை ஒட்டின கிராமத்துல போர் தண்ணி உப்பு. அதை ஊத்தினா நாலு நாள்ல இலை ஓரம் கருகும், அப்புறம் கிழங்கும் போயிடும். நல்ல தண்ணியை வீட்டுக்காரி தொட விட மாட்டாங்க. "ஏங்க, குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கறோம், அதைப் போயி செடிக்கு ஊத்தறீங்களே"ன்னு ஒரு தடவை சொன்னாங்க, சொன்னதுல தப்பில்ல. அதனால அரிசி கழுவின தண்ணி, இல்லன்னா கூரையிலேர்ந்து அண்டாவுல பிடிச்சு மூடி வெச்ச மழைத்தண்ணி. விரலை மண்ணுல ஒரு கணு அளவு விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர் போதும். இது தண்ணி அதிகம் கேக்கற செடி கிடையாது.

மண்ணு கலக்கும்போது கடல் மணல் சேர்க்கக் கூடாது, எவ்வளவு கழுவினாலும் எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. செம்மண் ஒரு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, மக்கின இலை எரு ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு போடறதா இருந்தா ரெண்டு மூணு தடவை ஊற வெச்சுப் பிழிஞ்சு போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். தொட்டி அடியில ஓட்டை அவசியம். கிழங்கு குட்டி சவுக்குக் காய் மாதிரி செதில் செதிலா இருக்கும், ஒரு அங்குல ஆழம் போதும்.

திண்ணையில காலை வெயில் விழற இடம் சரியா இருக்கும். உச்சி வெயில் ஆகாது, கடல் காத்து நேரா அடிக்கிற பக்கமும் ஆகாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில வெளியில விட்டா கிழங்கு அழுகிடும், தாழ்வாரத்துக்குள்ள இழுத்து வெச்சுடணும். ஆடு எட்டாத உயரத்துல இருக்கணும்.

சித்திரை பிறந்து வெயில் ஏறினா இலை ஒவ்வொண்ணாச் சாயும். செத்துப்போச்சுன்னு நிறைய பேர் தூக்கிக் குப்பையில போடறது அப்பத்தான். அது சாகலை, தூங்குது. தண்ணியை நிறுத்திட்டுத் தொட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. ஆடி கடைசியில வெளியே எடுத்துப் பழைய மண்ணைக் கொட்டிக் கிழங்கைப் பிரிச்சுப் புது மண்ணுல வெச்சா, ரெண்டு மூணு வாரத்துல ஊதா முளை வரும்.

கொட்டின மண்ணை வயலுக்கோ எருக்குழிக்கோ கொண்டு போறதில்லை. தகரத்து மேல பரப்பி, கிழங்கு குட்டியெல்லாம் பொறுக்கிட்டு, வேண்டாததை அடுப்புல போட்டுடுவேன். இந்த ஆவணியில எண்ணிப் பாத்தேன், ஆறு கிழங்கு வெச்ச தொட்டியில நாப்பத்திமூணு இருந்தது. பத்தை வெச்சுக்கிட்டு, குப்பத்துல கேட்ட ரெண்டு மூணு வீட்டுக்குத் தொட்டியோட கொடுத்தேன். மீன்கார அம்மாவும் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பக்கத்து நிலத்துக்காரர் வரப்போரமா நட்டா அழகா இருக்கும்னு கேட்டார். அவருக்கு மட்டும் கொடுக்கலை.