ஒன்பது ஊர் போச்சு, ஒண்ணு நின்னுச்சு: ஆச்சேயின் லாம்ரே கிராமம்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கிராமத்தைப் பத்தி. பேர் லாம்ரே. இந்தோனேசியாவில், சுமத்ரா தீவோட வடக்கு முனையில், ஆச்சே மாகாணத்துல இருக்கு. தலைநகர் பண்டா ஆச்சேயிலிருந்து கடற்கரை ரோட்டைப் பிடிச்சுக் கிழக்கே 30, 35 கிலோமீட்டர் போகணும். குருங் ராயா துறைமுகத்தைத் தாண்டினதும் கரை மேடாக ஆரம்பிக்கும். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிற்கிற ஒரு முனை, கீழே செங்குத்தான பாறை, மேலே புல்லும் புதரும். அந்தப் புதருக்குள்ள பழைய கல்லறைக் கற்கள்.

ஆச்சேயில கிராமத்தை 'கம்போங்'னு சொல்வாங்க. ஒவ்வொரு கம்போங்குக்கும் 'கெசிக்' என்ற ஊர்த்தலைவர் உண்டு. 'மெனாசா' என்ற பொதுக்கூடம் உண்டு. தொழுகை, ஊர்ப் பஞ்சாயத்து, பசங்களுக்கு ஓதிக்கொடுக்கிறது எல்லாம் அங்கதான். இப்படிப் பல கம்போங் சேர்ந்தா ஒரு 'முக்கிம்'. லாம்ரேயும் அப்படி ஒரு சாதாரண கம்போங்தான். ஆனா ஒரு காலத்துல இந்த ஊர்ப் பேரைச் சோழ நாட்டிலும் தெரியும், சீனாவிலும் தெரியும், வெனிஸிலும் தெரியும்.

முதல்ல சோழ நாடு. 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. தாக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கு. கடாரம் நமக்கு நல்லாத் தெரியும். அதே பட்டியல்ல 'இலாமுரிதேசம்'னு ஒரு பேர் வரும். அரபு எழுத்துகளில் வரும் லாமுரி, மார்க்கோ போலோ எழுதும் லாம்ப்ரி, சீனக் குறிப்புகளில் வரும் லான்வூலி, எல்லாம் இதேதான். லாம்ரேயும் அதைச் சுற்றியிருக்கிற கரையும்தான் அந்த லாமுரினு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இவ்வளவு பேர் ஏன் இங்க வந்தாங்க? மேப்பைப் பாருங்க. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வங்காள விரிகுடாவைக் கடந்தா கண்ணுல படுற முதல் பெரிய நிலம் சுமத்ராவின் இந்த முனைதான். சீனாவிலிருந்து மேற்கே போறவங்களுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். பாய்மரக் கப்பல் பருவக்காற்றை நம்பித்தான் ஓடும். 12, 13ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகள் ஒரு கணக்கே தருது: சீனத் துறைமுகத்திலிருந்து இங்க வர 40 நாள், குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்கணும், அடுத்த காற்று வந்ததும் கிளம்பணும். அப்போ மாசக்கணக்கா காத்திருக்கிற வியாபாரிகள், மாலுமிகள், எல்லாருக்கும் சாப்பாடு, தண்ணி, கிடங்கு, விறகு வேணும். இந்தக் கரையின் வருமானத்துல ஒரு பெரிய பங்கு அந்தக் காத்திருப்பிலிருந்துதான் வந்தது.

உள்நாட்டுச் சரக்கும் இருந்தது: கற்பூரம், சாயம் எடுக்கிற பதிமுக மரம். மார்க்கோ போலோ 1292 வாக்கில் சுமத்ராவில் மாசக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருந்தார். லாம்ப்ரியின் பதிமுக விதையை வெனிஸ் வரைக்கும் கொண்டுபோய் விதைச்சுப் பார்த்ததாகவும், குளிர்ல அது முளைக்கவே இல்லைன்னும் எழுதியிருக்கார். தமிழ் வியாபாரிகளும் இங்கே வந்து போனாங்க. பண்டா ஆச்சேயில நெசு என்ற பகுதியில ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. 13ஆம் நூற்றாண்டுனு கணிக்கிறாங்க. வியாபார விதிமுறைகள் பத்தின கல்வெட்டு அது.

நத்தை மாதிரி நகர்ந்த ஆராய்ச்சி

இனி 2004க்கு வருவோம். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. அன்னைக்கு நம்ம கரையில என்ன நடந்ததுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டாலே சொல்வாங்க. ஆச்சே, நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்துலயே இருந்தது. மாகாணம் முழுக்க இறந்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்ந்து 1,60,000 பேருக்கு மேல்.

பிறகு சிங்கப்பூர் புவி ஆய்வகத்தைச் சேர்ந்த பேட்ரிக் டேலியும், ரொம்ப வருஷமா சுமத்ராவில் அகழாய்வு செய்த எட்வர்ட்ஸ் மெக்கினனும், ஆச்சே ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினாங்க. பண்டா ஆச்சேயைச் சுற்றி சுமார் 40 கிலோமீட்டர் கரையை நடந்தே அலசினாங்க. வயல், தோப்பு, வீட்டுக் கொல்லை, இறால் குட்டைக் கரைன்னு எங்க உடைஞ்ச பீங்கான் துண்டு கிடந்தாலும் எடுத்துக் குறிச்சாங்க. எங்க கல்லறைக் கல் நின்றாலும் பதிவு பண்ணாங்க. கடைசியில சேர்ந்தது பல்லாயிரம் பீங்கான் துண்டு, 5,000க்கு மேற்பட்ட கல்லறைக் கல்.

பீங்கான் துண்டை வெச்சு என்ன செய்யலாம்? சீனப் பீங்கானோட களிமண், மெருகு, பூவேலை எல்லாம் சில பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருக்கும். ஒரு துண்டைப் பார்த்தே எந்தக் காலம், எந்தச் சூளைன்னு ஓரளவு சொல்லிடலாம். அப்படி அடுக்கிப் பார்த்தப்போ, தாழ்வான கரையில இருந்த ஒன்பது குடியிருப்புகளில் 14ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் சரக்கு வந்துக்கிட்டே இருக்கு. அப்புறம் சட்டுனு நின்னுடுது. ஒண்ணு ரெண்டு ஊர்னா பரவாயில்லை, ஒன்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்துல.

இங்க நீங்க ஒரு கேள்வி கேட்கலாம். மிங் பேரரசர் அந்தச் சமயத்துலதான் தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டிருந்தார், அதனால பீங்கான் வரத்து நின்னிருக்கலாமேன்னு. நியாயமான கேள்வி. ஆனா பத்தாவதா ஒரு ஊர் இருக்கு. அங்க மட்டும் 15ஆம் நூற்றாண்டுச் சரக்கு தொடர்ந்து வருது. அதாவது கப்பல் இந்தக் கரைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தது, இறங்க மத்த ஊர்கள்தான் இல்லை. அந்தப் பத்தாவது ஊர் லாம்ரே.

வருஷத்தைச் சொன்னது பவளப்பாறை. ஆச்சேயின் மேற்கே சிமெலுவே தீவு இருக்கு. பெரிய நிலநடுக்கம் வந்தா தீவே மேலே எழும்பும். தண்ணிக்கு வெளியே வந்த பவளம் செத்துப்போகும். மரத்துக்கு இருக்கிற மாதிரி பவளத்துக்கும் வருஷ வளையம் உண்டு. எண்ணிப் பார்த்தா 1394 வாக்கில் ஒரு பெரிய எழும்பல். ரெண்டையும் பக்கத்துல வெச்சதும் படம் தெளிவாயிடுச்சு. 1394 வாக்கில் வந்த ஆழிப்பேரலை ஒன்பது ஊரையும் அழிச்சது. லாம்ரே மேட்டின் மேல இருந்ததால தப்பிச்சது. 2019ல் இந்த ஆய்வு வெளியாச்சு.

நூறு வருஷ வாழ்வு

தப்பிச்ச ஊருக்கு நல்ல காலம் வந்தது. 1405லிருந்து 1433 வரை செங் ஹோவின் சீனக் கப்பற்படைகள் இந்தப் பெருங்கடலில் வந்து போனாங்க. கூடவே வந்த மா ஹுவான் இந்த நாட்டைப் பத்தி எழுதியிருக்கார்: ஆயிரத்துச் சொச்சம் குடும்பம், எல்லாரும் முஸ்லிம்கள், ராஜாவும் முஸ்லிம். கரைக்கு எதிரே கடலில் ஒரு மலை தெரியும்னும், மேற்கேயிருந்து வர்ற கப்பல் எல்லாம் அந்த மலையை அடையாளமா வெச்சுத்தான் வரும்னும் சொல்றார். மேற்கே இருக்கிற கடலுக்கே இந்த ஊர்ப் பேரைத்தான் சொல்றார். ஆயிரம் குடும்பம் இருக்கிற ஒரு ஊர், அதன் பேர்ல ஒரு பெருங்கடல்!

லாம்ரே மேட்டுல கிடக்கிற கல்லறைக் கற்கள்ல 'பிளாங் பிளெங்'னு ஒரு வகை இருக்கு. உயரமா, தூண் மாதிரி, மேலே போகப் போகக் குறுகிக்கிட்டே போகும். பூவேலையும் அரபு எழுத்தும் கலந்து செதுக்கியிருப்பாங்க. அதுல பெரும்பாலானது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அலைக்குப் பிறகு வந்த தலைமுறைகளின் கற்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையின் முக்கியமான இடம். 1511ல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிச்சாங்க. முஸ்லிம் வியாபாரிகள் வேற துறைமுகம் தேடினாங்க. அவங்களுக்குக் கிடைச்சது இன்னைக்கு பண்டா ஆச்சே இருக்கிற ஆற்றுமுகம். பெரிய ஆறு, உள்ளே போக வழி, பின்னாடி அகலமான நெல் வயல். அலி முகாயத் ஷா அங்கிருந்து ஒரு சுல்தானகத்தைக் கட்டி, 1524க்குள் பிடி, பாசை வரைக்கும் பிடிச்சுட்டார். லாமுரியும் அதுக்குள்ள அடங்கிப்போச்சு. 16ஆம் நூற்றாண்டில் லாம்ரே மேட்டில் இருந்த வணிக ஊர் காலி. அலை அழிச்ச அதே தாழ்நிலத்துல தலைநகரம்.

அவங்களை முட்டாள்னு சொல்ல முடியாது. நூறு வருஷம்னா நாலு தலைமுறை. மேட்டுல பாதுகாப்பு உண்டு, ஆனா ஆறும் வயலும் கிடையாது. துறைமுகம் வேணும்னா கீழேதான் இறங்கணும். 1600களின் தொடக்கத்தில் இஸ்கந்தர் மூடா ஆண்டபோது ஆச்சே இந்தப் பகுதியின் பெரிய கடல் வல்லரசுகளில் ஒண்ணு. அந்த முடிவு நல்ல பலனைத்தான் தந்தது, 2004 வரைக்கும்.

லாம்ரே அதுக்குப் பிறகும் மொத்தமா மறைஞ்சுடல. ஆச்சேயின் பெண் தளபதி மலஹயாத்தியின் கல்லறை இங்க ஒரு குன்றின் மேல இருக்கு. போரில் கணவரை இழந்த பெண்களை வெச்சு அவர் கட்டிய படைக்கு 'இனோங் பலே'னு பேர், அதாவது விதவைகள். அந்தப் பேர்ல ஒரு கோட்டையின் மிச்சம் இந்தக் கரையில நிற்குது. 1599ல் டச்சுக் கப்பலோடு வந்த கொர்னெலிஸ் டி ஹவுட்மன் ஆச்சேயில கொல்லப்பட்டார். அவரை மலஹயாத்தியே கொன்னார்னு ஆச்சேக்காரங்க சொல்வாங்க. 2017ல் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீரராக அறிவிச்சது.

நினைவு எங்க தங்கும்?

2004 காலையில பண்டா ஆச்சே பக்கம் கடல் பின்வாங்கினப்போ, கரையில துள்ளின மீனைப் பொறுக்கப் போனவங்க உண்டு. ஆச்சே மொழியில இதுக்குப் பழைய சொல் ஒண்ணு இருந்தது: 'ஈ பெனா'. ஆனா அதுக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க குறைஞ்சுபோயிருந்தாங்க.

சிமெலுவே தீவுல நடந்தது வேற. 1907ல் அங்க ஒரு பேரலை வந்து நிறையப் பேர் செத்தாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேர் 'ஸ்மோங்'. பாட்டி பேரனுக்குச் சொன்னாங்க, பாட்டாவும் பாடினாங்க: நிலம் ஆடி, கடல் உள்ளே போனா, மலைக்கு ஓடு. 2004ல் அங்க சுமார் 78,000 பேர் இருந்தாங்க. நிலநடுக்க மையத்துக்கு ரொம்பக் கிட்ட. அலையில இறந்தவங்க 7 பேர்.

97 வருஷ நினைவு வேலை செஞ்சது, 610 வருஷ நினைவு செய்யலைன்னு மட்டும் இதை எடுத்துக்க முடியாது. லாம்ரே மேட்டுல சாட்சிக் கல் நூத்துக்கணக்குல நின்னுக்கிட்டுத்தான் இருந்தது. கல்லுல சுல்தான் பேர் இருக்கும், இறந்த தேதி இருக்கும், குர்ஆன் வசனம் இருக்கும். எந்தப் பக்கம் ஓடணும்னு இருக்காது.

2005ல் கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வீடு கட்டக் கூடாதுனு அரசு யோசிச்சது. எதிர்ப்பு வந்தது, கைவிட்டாங்க. மீனவருக்குக் கடல் வேணும். மிஞ்சினவங்களுக்குச் சொந்த நிலமும், செத்தவங்களின் மண்ணும் அங்கதான் இருந்தது. சென்னையில கரையோர மக்களைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினப்போ வேலை, படகு, பள்ளிக்கூடம் எல்லாம் தூரமாப் போனதை நாம பார்த்தோம். அதனால ஆச்சேக்காரங்க சொன்னது நமக்குப் புரியும். ஆனா பின்னாடி நடந்த ஆய்வு ஒரு விஷயத்தைக் காட்டுது. வசதியுள்ளவங்க கூடுதல் விலை கொடுத்து உள்ளே தள்ளி வீடு தேடினாங்க. கரையோர வீடுகளுக்கு வாடகை குறைஞ்சது, வசதி இல்லாதவங்க அங்க சேர்ந்தாங்க. அடுத்த அலை யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும்னு வீட்டு விலையே முடிவு பண்ணிட்டிருக்கு.

அடுத்தது எப்போன்னு கணக்குப் போடவும் வழியில்லை. பண்டா ஆச்சேக்குத் தெற்கே கரையோரக் குகை ஒண்ணுல, வௌவால் எச்சத்துக்கு நடுவுல பழைய அலைகள் கொண்டுவந்த மணல் அடுக்கடுக்கா இருக்கு. 7,400 வருஷத்துக்கு முன்னாடியிலிருந்து 2,900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் 11 அலை. ஒரு இடத்துல ரெண்டாயிரம் வருஷ இடைவெளி. இன்னொரு இடத்துல ஒரே நூற்றாண்டுக்குள்ள நாலு.

கடைசியா ஒரு தகவல். ஆச்சேயில மீனவர்களுக்கு 'பங்லிமா லாவோத்'னு ஒரு பாரம்பரிய அமைப்பு உண்டு. வலைத் தகராறு, கடலில் காணாமப் போனவங்களைத் தேடறது, எந்த நாள்ல கடலுக்குப் போகக் கூடாதுங்கிறது, எல்லாம் அவங்க முடிவு. வெள்ளிக்கிழமை போகக் கூடாதுங்கிறது பழைய விதி. 2004க்குப் பிறகு அதோட ஒரு நாளைச் சேர்த்தாங்க: டிசம்பர் 26. அன்னைக்கு ஆச்சேயில படகு இறங்காது. அஞ்சு வயசுக் குழந்தை "இன்னைக்கு அப்பா ஏன் கடலுக்குப் போகல"ன்னு கேட்கும், வீட்டுல யாராவது பதில் சொல்லியே ஆகணும்.