எழுபது வளைவும் என் அம்பாசடரும்

நான் கொல்லிமலையில் வாத்தியாராக வேலை பார்த்த நாட்களில், கார் வைத்திருப்பவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, பெட்ரோல் பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி கட்டிவிட்டுத்தான் முதல் வளைவில் ஏறுவோம். சோளக்காடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் எஞ்சின் சூட்டுக்குப் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப்பால் தள்ள முடியாது. வண்டி இருமி நின்றுவிடும். ஈரத்துணி அதற்குத்தான். இதை எங்களுக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை. முன்னால் போனவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர் செய்தார், அவ்வளவுதான்.

வண்டி ரிப்பேரை நாமே பார்ப்பதா, காசு கொடுத்து மெக்கானிக்கிடம் விடுவதா என்பது எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் அடிக்கடி எழுந்த பேச்சு. இப்போது அந்தப் பேச்சே இல்லை. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதில் நான் ஒரு தடவை தப்பாக முடிவெடுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்தப் பக்கத்தில் மெக்கானிக் என்றொரு ஆளே கிடையாது. நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1893இல் கலங்கலில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டபோது அந்தக் கைதான் அவருக்கு முதல். அந்த நாளில் பஸ் முதலாளி, டிரைவர், மெக்கானிக் மூன்றும் ஒரே ஆளாக இருப்பது சாதாரணம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் கரி வாயுவில் பஸ் ஓடியது. மதுரை டி.வி.எஸ். அதற்கான கருவியைச் செய்து விற்றது. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை, அதில் அடுப்புக்கரி. கிளீனர் காலையில் வந்து விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைத்தால்தான் வண்டி கிளம்பும் என்று என் அப்பா சொல்வார். வழியில் நின்றால் டிரைவரும் கிளீனரும்தான் இறங்கி வேலை பார்க்க வேண்டும். பயணிகள் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

பிறகு வந்தது அம்பாசடர் காலம். 1953க்குப் பிறகு, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியது அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். இதைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இதில் யாரும் கவனிக்காத ஒரு லாபம் இருந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை மாதிரியாக வைத்து 1958இல் வந்த அம்பாசடர், முகப்பும் விளக்கும் மாறினாலும், அடிப்படையில் அதே வண்டியாக 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. எஞ்சின்கள் பின்னால் மாறின என்றாலும், எங்கள் காலம் முழுக்க உள்ளே இருந்தது ஒரே பெட்ரோல் எஞ்சின்தான். ஆகவே மாமா கற்றது மருமகனுக்கும் உதவியது. லாரிக்குப் பாடி கட்டியே பேர் வாங்கிய நாமக்கல் பக்கத்தில் கேட்கவே வேண்டாம், தெருவுக்கு ஒரு பட்டறை. தூரத்தில் சத்தம் கேட்டே வால்வு தட்டுகிறது என்று சொல்லும் பையன்கள் இருந்தார்கள்.

நான் 1986இல் பழைய அம்பாசடர் மார்க் 3 ஒன்று வாங்கினேன். வாத்தியார் சம்பளத்தில் அது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாங்கிய பிறகு பட்டறைக்குக் கொடுக்கக் காசில்லை. மலைமேல் பட்டறையும் இல்லை. அதனால் நானே கற்றுக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பதினைந்து தவ் இடைவெளி வைப்பது, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் பதினைந்து. பிளக்குக்கு இருபத்தைந்து. கார்புரேட்டரில் தூசி எடுப்பது, ஃபேன் பெல்ட் மாற்றுவது, பேட்டரி படுத்துவிட்டால் ஹேண்டில் போடுவது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி அடித்து விரலை ஒடித்துவிடும். எந்தப் பொருளையும் கழற்றினால் மண்ணெண்ணெயில் கழுவு, துடை, பூட்டு. இதுதான் என் வேதம்.

1988 தை மாதம் முன் சக்கரம் ஒன்றில் பிரேக் ஆயில் கசிந்தது. சேந்தமங்கலத்து மெக்கானிக் 60 ரூபாய் கூலி கேட்டார். ரப்பர் கிட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். செம்மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், பிரேக் கல்லாக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். பாதி வழியில் தீய்ந்த வாசனை வந்தது. எதிரே வந்த லாரியுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் பஞ்சு போல உள்ளே போய்த் தரையைத் தொட்டது. இரண்டாவது கியரில்தான் இருந்தேன், அது பிழைப்பு. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே வண்டியை மலைப்பக்கத்து வடிகாலில் இறக்கினேன். இடப்பக்கச் சக்கரம் கல்லில் முட்டி நின்றது. அம்மா, "ஏன்டா இங்க நிறுத்தின?" என்று கேட்டார். என் மனைவி எதுவும் கேட்கவில்லை. அவள் என் காலைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

மெக்கானிக் மறுநாள் பஸ் பிடித்து மேலே வந்தார். டிரம்மைக் கழற்றி, ரப்பர் வாஷரை எடுத்துப் புது வாஷர் பக்கத்தில் வைத்தார். என்னுடையது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. பிரேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் ஆயில் எதுவும் ஆகாது. பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும், அல்லது ஸ்பிரிட். உப்பிய ரப்பர் பிஸ்டனைத் திரும்ப விடவில்லை. பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாக, என் மிதி முழுக்க அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விட்டது. ஏறும்போது பெட்ரோலுக்கு நடக்கும் அதே சங்கதி, இறங்கும்போது பிரேக்குக்கு.

"வாத்தியாரே, எஞ்சின் நின்னா வண்டி நிக்கும். பிரேக் நின்னா வண்டி நிக்காதுங்க," என்றார். கூலி அதே 60 ரூபாய்தான் வாங்கினார். பஸ் சார்ஜ் கொடுத்ததற்கு வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து பிரேக்கும் ஸ்டியரிங்கும் அவர் கைக்கு, மற்றது என் கைக்கு என்று பிரித்துக்கொண்டேன். இதனால் எல்லா மெக்கானிக்கும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் நன்றாக இருந்த டைனமோவை மாற்றச் சொல்லி ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். பெல்ட் தளர்ந்திருப்பது எனக்குத் தெரிந்ததால் தப்பித்தேன். கையில் கரி பூசிக்கொண்ட வருடங்கள் அங்கேதான் பணமாகத் திரும்பி வந்தன.

1983 டிசம்பர் 14இல் முதல் மாருதியின் சாவி கைமாறியபோது நாங்கள் அதை ஒரு சின்னப் பெட்டி என்றுதான் கேலி செய்தோம். அது அடிக்கடி நிற்கவில்லை. நிற்காத வண்டியின் பானட்டை யார் தூக்குவார்கள்? பிறகு 2000க்கு மேல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, புதுக் கார்களில் கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் பீச்சும் முறை வந்தது. பாயின்ட்டும் போயிற்று. என் ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை. போன மாதம் மகனுடைய காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நாமக்கல்லில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஸ்கேனரைச் செருகிப் பத்து நிமிடத்தில் எந்த சென்சார் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் பொறாமையே தவிர வருத்தம் இல்லை.

ஆனால் அவரிடம் நான் ஒன்று கேட்டேன். "பிரேக் ஆயில் எப்போம்மா மாத்தினாங்க?" ரெக்கார்டைப் பார்த்தார், நாலு வருடமாக மாற்றவில்லை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டிய சாதாரண டாட் 3 ஆயில், ஈரம் சேரச் சேர 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது தெரியாமலே காலம் ஓடிவிடும். எழுபது வளைவு இறங்குகிறவருக்கு அப்படியில்லை. உடனே மாற்றித் தந்தார்.

டிக்கியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு வேப்பங்கட்டை வைத்திருக்கிறேன், 1988இல் செதுக்கியது. மகன் காரைக் கழுவும்போதெல்லாம் அதை எடுத்து வெளியே வைக்கிறான். அவன் உள்ளே போனதும் நான் எடுத்துத் திரும்ப வைத்துவிடுகிறேன்.