கட்டு யாருடையது? சேகரிப்புச் சீட்டாட்டம் உருவான வரலாறு

ரம்மி ஆடினாலும் பிரிட்ஜ் ஆடினாலும் மேசையில் இருப்பது பொதுக் கட்டு. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்பது ஆட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. கலைத்துப் போட்டபின் எல்லாரும் அதில் சமம். பலகை விளையாட்டுகளிலும் அதே நிலைதான். சதுரங்கக் காய்கள் எவர் வீட்டிலிருந்து வந்தாலும் வெற்றி தோல்வியில் அவற்றுக்குப் பங்கில்லை. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘மேஜிக்: த கேதரிங்’ இந்தப் பழைய ஏற்பாட்டைக் குலைத்தது. அதில் ஒவ்வொருவரும் தமக்குச் சொந்தமான சீட்டுகளிலிருந்து தாமே சேர்த்த கட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எதிராளியின் கையில் என்ன இருக்கும் என்பது மட்டுமல்ல, அவருடைய கட்டில் என்னென்ன சீட்டுகள் உள்ளன என்பதும் தெரியாது. இந்தத் துறையில் பின்னர் நடந்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவற்றை, கட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளாக வாசிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேகரித்தவர்கள், ஆடியவர்கள்

சீட்டு சேகரிப்பது சீட்டாட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த பழக்கம் அல்ல. 1880களில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இயங்கிய ஆலன் & கின்டர் போன்ற சிகரெட் நிறுவனங்கள், பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தன. அதில் நடிகைகள், பறவைகள், விளையாட்டு வீரர்கள் என்று படம் அச்சிட்டதும் அட்டைக்காகவே பாக்கெட் வாங்குகிறவர்கள் உருவானார்கள். பிற்பாடு சூயிங்கம் நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் அமெரிக்கச் சிறுவர்களிடையே மாற்றுவதையும் பேரம் பேசுவதையும் ஒரு தனிக் கலையாகவே ஆக்கிவிட்டன. ஆனால் அந்த அட்டைகளை வைத்து ஆட ஒழுங்கான விதிகள் ஏதும் கிடையாது. சேகரிப்பவர் ஒருபுறம், ஆடுகிறவர் மறுபுறம்.

1990களில் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் பைகளில் இருந்த மல்யுத்த வீரர்களின் ‘டிரம்ப் கார்டு’ இரண்டுக்கும் இடைப்பட்டது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று ஒன்றைச் சொல்லி ஒப்பிட வேண்டும். தோற்றவர் சீட்டைக் கொடுக்க வேண்டும். படிப்பதைவிட அந்த எண்களை மனப்பாடம் செய்வதில் அக்கறை காட்டியவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். ஆனாலும் அதுவும் பெட்டியோடு வாங்கிய பொதுக் கட்டுதான். கொடுத்த சீட்டு ஆட்டம் முடிந்ததும் உரியவரிடமே திரும்பிவிடும்.

எடுத்துப் போகக்கூடிய ஒரு விளையாட்டு

1991இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். தொழிற்சாலைத் தளத்தில் ரோபோக்களை ஓடவிடும் ‘ரோபோராலி’ என்ற பலகை விளையாட்டை வடிவமைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பீட்டர் ஆட்கிசனைச் சந்தித்தார். ஆட்கிசன் போயிங் நிறுவன ஊழியர். சியாட்டிலுக்கு அருகே தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த ‘விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ என்ற சிறு பதிப்பகத்தையும் நடத்திவந்தார். பலகை, காய்கள், பெட்டி எல்லாம் சேர்ந்த ரோபோராலியை அச்சிட அவரிடம் பணம் இல்லை. விளையாட்டு மாநாடுகளில் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருப்பவர்கள் சட்டென்று எடுத்து ஆடி முடிக்கக்கூடிய, கையோடு கொண்டுபோகக்கூடிய, தயாரிப்புச் செலவு குறைந்த ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். இன்று பல நூறு கோடி டாலர் புரளும் ஒரு துறையின் பிறப்புக்குக் காரணம், ஒரு பதிப்பாளரிடம் அட்டைப்பெட்டிக்குக் காசில்லாமல் போனதுதான்.

ஓரிகன் மாநிலத்தின் மல்ட்னோமா அருவிக்குப் போயிருந்தபோதுதான் வழி புலப்பட்டது என்று கார்ஃபீல்ட் பின்னர் எழுதினார். அவர் மனத்தில் ஏற்கெனவே இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் விதியையே மீறும் தனித்தனி ஆற்றல் தருகிற, 1977இல் வந்த ‘காஸ்மிக் என்கவுன்ட்டர்’ பலகை விளையாட்டு. மற்றது, அவர் முன்பே முயன்று பார்த்திருந்த ‘ஃபைவ் மேஜிக்ஸ்’ என்ற மந்திரப் போர் விளையாட்டு. விதிகள் எளிமையாக இருக்கும். விதிவிலக்குகள் சீட்டில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுகள் ஒருவரிடம் இருப்பதுபோல் இன்னொருவரிடம் இருக்காது. முதல் சோதனைத் தொகுப்பில் 120 சீட்டுகள். இருவருக்கும் குருட்டாம்போக்கில் பிரித்துக் கொடுத்தார். பென்சில்வேனியாவில் அவருடைய நண்பர் கூட்டம் ஆய்வுப் படிப்புக்கு நடுவே இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தது.

1993 ஆகஸ்ட் 5இல் வெளியான முதல் பதிப்பை ‘ஆல்ஃபா’ என்பார்கள். 295 வகைச் சீட்டுகள், மொத்தம் 26 லட்சம் பிரதிகள். அச்சிட்டது பெல்ஜியத்தின் கார்ட்டா முண்டி. 60 சீட்டு கொண்ட தொடக்கக் கட்டாகவும் 15 சீட்டு கொண்ட பூஸ்டர் பாக்கெட்டாகவும் விற்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். மாதக்கணக்கில் வரும் என்று எண்ணிய சரக்கு வாரங்களில் தீர்ந்தது. அதே ஆண்டில் 73 லட்சம் சீட்டுகளோடு ‘பீட்டா’ பதிப்பு வந்தது; அதுவும் நிற்கவில்லை.

கணித அறிஞரின் கணக்கு

கார்ஃபீல்டின் வடிவமைப்பு ஓர் ஊகத்தின்மேல் நின்றது. சாதாரணப் பலகை விளையாட்டுக்குச் செலவழிக்கும் அளவுக்குத்தான் ஒருவர் செலவழிப்பார். ஒரு கட்டும் சில பாக்கெட்டுகளும் வாங்குவார் என்று அவர் நம்பினார். அப்படியானால் ஒரு நண்பர் வட்டத்தில் அரிய சீட்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதன் வலிமை ஆட்டத்தைக் கெடுக்காது. அதைப் பற்றிய வதந்தி ஆட்டத்தை வளர்க்கும். ‘பிளாக் லோட்டஸ்’ என்ற சீட்டைச் செலவே இல்லாமல் இறக்கலாம். தியாகம் செய்தால் மூன்று அலகு மந்திர ஆற்றல் உடனே கிடைக்கும். சாதாரணமாக அந்த ஆற்றலைச் சேர்க்க மூன்று சுற்றுகள் ஆகும். ஆல்ஃபாவில் அது சுமார் 1,100 பிரதிகள் மட்டுமே இருந்தது.

வாங்கியவர்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். கட்டில் குறைந்தது 40 சீட்டு வேண்டும் என்பதைத் தவிர, ஒரே சீட்டை எத்தனை முறை சேர்க்கலாம் என்பதற்கு முதலில் வரம்பே இல்லை. வசதியுள்ளவர் வலிமையான சீட்டுகளை மட்டுமே அடுக்கிவந்து எதிராளி மூச்சுவிடுமுன் ஆட்டத்தை முடித்தார். 1994 தொடக்கத்தில் போட்டிகளுக்கான விதிகள் திருத்தப்பட்டன: கட்டில் குறைந்தது 60 சீட்டு, மந்திர ஆற்றலைத் தரும் அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர ஒரே சீட்டில் நான்குக்கு மேல் கூடாது, மிகக் கொடிய சிலவற்றில் ஒன்று மட்டும். இன்றளவும் பெரும்பாலான சேகரிப்புச் சீட்டாட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் காணப்படும் பிரதி வரம்பு, பணத்தைக் கட்டுப்படுத்த வந்த வேலி.

முதல் விதிப்புத்தகத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது: பந்தயச் சீட்டு. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தத்தம் கட்டின் மேலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒதுக்கி வைப்பார்கள். வென்றவர் இரண்டையும் வீட்டுக்கே கொண்டுபோகலாம். கோலி ஆட்டத்தில் தோற்றவன் குண்டைக் கொடுத்துவிட்டு நிற்பதுபோலத்தான். சீட்டுகள் ஒருவரிடமே தேங்காமல் கைமாற வேண்டும் என்பது கார்ஃபீல்டின் எண்ணம். ஆனால் குண்டுக்கு அதிக விலை கிடையாது; நூறு டாலர் பெறுமான சீட்டைப் பந்தயம் வைக்க யாருக்கு மனம் வரும்? சூதாட்டச் சட்டங்கள் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. பந்தயத்தைக் குறிப்பிடும் கடைசிச் சீட்டு 1995இல் அச்சானது. சொத்து என்று ஆனபின் அதை இழக்கும் வாய்ப்பை ஆடுகிறவர்கள் ஏற்கவில்லை.

பின்பக்கம் தரும் சான்று

ஆய்வாளர் பார்க்க வேண்டியது சீட்டின் முன்பக்க ஓவியத்தை அல்ல, பின்பக்கத்தை. 1993 டிசம்பரில் முதல் விரிவாக்கமான ‘அரேபியன் நைட்ஸ்’ வந்தது. அதற்கு வேறு நிறத்தில் பின்பக்கம் போட்டு, தனியாக ஆடவோ விரும்பினால் பழையதோடு கலக்கவோ விடலாம் என்பது முதல் திட்டம். அப்படிச் செய்தால் கலந்த கட்டில் அடுத்து வருவது எந்த வகை என்று பின்பக்கமே எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். புதிய தொகுப்பு ஒவ்வொன்றும் வாங்கிய சீட்டுகளைத் துண்டாடும். எதிர்ப்பு எழுந்ததால் அச்சுக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் திட்டம் மாறியது. பழைய பழுப்பு நிறப் பின்பக்கமே நிலைத்தது. தனித் தொகுப்பு என்று எண்ணிச் சேர்த்திருந்த அடிப்படை நிலச் சீட்டுகளை நீக்கியபோது ஒரேயொரு மலைச் சீட்டு மட்டும் கவனத்திலிருந்து தப்பி அச்சாகிவிட்டது. அந்த மலையை இன்று தேடி வாங்குகிறார்கள்.

இந்த முடிவின் விளைவு பெரிது. 1993இல் வாங்கிய சீட்டும் இன்று வாங்கிய சீட்டும் ஒரே கட்டில் அடங்கும். அதனால்தான் பழைய சீட்டுக்கு ஆட்ட மதிப்பும் சேகரிப்பு மதிப்பும் ஒருங்கே நிற்கின்றன. நிறுவனம் தொடர் பெயராகப் பயன்படுத்த நினைத்த ‘டெக்மாஸ்டர்’ என்ற சொல் அதன் பயன் முடிந்தும் பின்பக்கத்தின் அடியில் அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கிறது. மாற்றினால் கோடிக்கணக்கான சீட்டுகள் கட்டுக்கு வெளியே போய்விடும்.

சந்தையும் வாக்குறுதியும்

1994இல் ‘ஸ்க்ரை’ போன்ற பத்திரிகைகள் விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில் வந்த ‘ஃபாலன் எம்பையர்ஸ்’ தொகுப்பை, தட்டுப்பாட்டுக்குப் பயந்து தாராளமாக அச்சிட்டார்கள். கடைகளில் அது அடிமாட்டு விலைக்குப் போனது. 1995இல் ‘க்ரானிக்கிள்ஸ்’ வழியாகப் பழைய விரிவாக்கங்களின் சீட்டுகளை மறுபடி அச்சிட்டபோது சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்கு நிறுவனம் தந்த சமாதானம், 1996 மார்ச்சில் அறிவித்த ‘ரிசர்வ்ட் லிஸ்ட்’: பட்டியலில் உள்ள சீட்டுகளை ஆட்டத்துக்கு ஏற்ற வடிவில் மீண்டும் அச்சிடுவதில்லை என்ற உறுதி. என் கணிப்பில் இத்துறை வரலாற்றிலேயே கனமான ஆவணம் அதுதான். ஆடுகிறவரின் நலனும் வைத்திருப்பவரின் நலனும் மோதியபோது நிறுவனம் வைத்திருப்பவரின் பக்கம் நின்றது, அதையும் எழுத்தில் கொடுத்தது. 2021 ஜனவரியில் ஆல்ஃபா பிளாக் லோட்டஸ் ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. 2022இல், ஆட்டத்தின் 30ஆம் ஆண்டை ஒட்டி, நான்கு பாக்கெட்டில் 60 சீட்டுகளை 999 டாலருக்கு நிறுவனமே விற்றது. அவற்றின் பின்பக்கம் வேறு. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் அவை செல்லாது. வாக்குறுதியைத் தாண்டிச் செல்ல பின்பக்கம்தான் வழிவிட்டது.

இதற்கிடையே இந்த வடிவம் ஜப்பானுக்குப் போயிருந்தது. போக்கிமான் சீட்டாட்டம் அங்கே 1996 அக்டோபரில் வெளியானது. 1999 ஜனவரியில் அதன் ஆங்கிலப் பதிப்பை அமெரிக்காவில் வெளியிட்டது விசர்ட்ஸ் நிறுவனமே. அதே ஆண்டு ஹாஸ்ப்ரோ சுமார் 32.5 கோடி டாலருக்கு விசர்ட்ஸை வாங்கியது. பள்ளிக்கூடங்கள் பல போக்கிமான் சீட்டுக்குத் தடை போட்டன. அரிய சீட்டுக்காகப் பாக்கெட் வாங்குவது சூதாட்டமே என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். காசு கொடுத்தவருக்கு அதற்கான பாக்கெட் கிடைத்துவிட்டது, எதிர்பார்த்த சீட்டு அதில் இல்லாதது சட்டம் ஏற்கும் இழப்பாகாது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய வழக்குகளைத் தள்ளியது.

பெட்டிக்குத் திரும்பிய கட்டு

ஆடுகிறவர்களோ வேறு தீர்வைத் தாங்களே கண்டிருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளும் ‘டிராஃப்ட்’ முறையில், முன்பு எவ்வளவு செலவழித்தார் என்பது உதவாது. அதையும் தாண்டி, தன்னிடமுள்ள சீட்டுகளில் நானூறு ஐந்நூறைப் பொறுக்கி ‘க்யூப்’ என்ற பெயரில் பெட்டியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களை அதிலிருந்து டிராஃப்ட் எடுக்கவிடுகிறவர்களும் உண்டு. உரிமை ஒருவருக்கு, ஆட்டம் எல்லாருக்கும்.

2008இல் இரண்டு நிகழ்வுகள் இதை வணிகத்துக்கும் கொண்டுவந்தன. ஃபேன்டசி ஃப்ளைட் நிறுவனம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியிலேயே சொல்லி விற்கும் தொகுப்புகளுக்கு மாறியது. டொனால்ட் எக்ஸ். வக்காரினோ உருவாக்கிய ‘டொமினியன்’ இன்னும் துணிச்சலானது. ஒவ்வொருவரும் ஏழு செப்புக் காசுச் சீட்டும் மூன்று பண்ணைச் சீட்டும் மட்டும் கொண்டு தொடங்குகிறார். மேசை நடுவில் அடுக்கியுள்ள குவியல்களிலிருந்து வாங்கி வாங்கிக் கட்டைப் பெருக்குகிறார். மேஜிக்கில் கடையிலும் வீட்டிலும் நடந்த கட்டு சேர்க்கும் வேலை இங்கே ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் முடிந்ததும் ஐந்நூறு சீட்டும் பெட்டிக்குத் திரும்புகின்றன. 2009இல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் தேஸ் யாரஸ்’ விருது அதற்குக் கிடைத்தது. சேகரிப்புச் சீட்டின் வாடையே பிடிக்காத பலகை விளையாட்டு ரசிகர்களும் கட்டு சேர்ப்பதன் சுவையை அதில்தான் அறிந்தார்கள்.

கார்ஃபீல்ட் 2018இல் ‘கீஃபோர்ஜ்’ என்ற விளையாட்டோடு வந்தார். அதில் 36 சீட்டு கொண்ட கட்டை முழுதாக வாங்க வேண்டும். ஒன்றையும் மாற்றக் கூடாது. எந்த இரண்டு கட்டும் ஒன்றுபோல் இராது, ஏனெனில் ஒவ்வொன்றையும் கணினிநிரல் சேர்க்கிறது. பெயரும் பின்பக்கமும்கூடக் கட்டுக்குக் கட்டு வேறு. அதனால் வேறு கட்டின் சீட்டை இதில் நுழைக்க வழியில்லை. தனிச் சீட்டுச் சந்தை இல்லாமல் போனது, முழுக் கட்டுக்கான சந்தை உடனே முளைத்தது. 2021இல் அந்தக் கட்டுகளைச் சேர்க்கும் நிரல் பழுதாகி, புதிதாக எழுதினாலன்றி அடுத்த தொகுப்பு இல்லை என்று அதை வெளியிட்டுவந்த ஃபேன்டசி ஃப்ளைட் அறிவித்தது. மறு ஆண்டு விளையாட்டே கோஸ்ட் கேலக்ஸி என்ற வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது.